சசிகலாவின் ஆன்லைன் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று எழுதக் கோரி

பென்னாகரம்,
வியாழக்கிழமை.

பெங்களூரில் கம்பெனி உத்தியோகம் பார்க்கும் மரியாதைக்குரிய மச்சான் அறிவழகன் அவர்களுக்கு, ரிட்டயர்டு கண்டக்டர் மாதையன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா பானுமதி, கறவை மாடு இரண்டு, யாவரும் சுகம். சசிகலாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம் என்பதால் அவளைச் சுகத்தில் சேர்க்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசினால் ஏரியூர் வரைக்கும் கேட்கிறது என்று உங்கள் அக்கா சொல்வதால் கடிதமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்த என் மகள், ஆறு மாதம் செல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, டிசைன் என்று ஒரு படிப்பை ஆன்லைனில் முடித்திருக்கிறாள். புடவைக்கா என்றேன். இல்லையாம், செல்லில் எந்தப் பட்டன் எங்கே இருந்தால் ஜனங்களுக்குச் சுலபம் என்று கண்டுபிடிக்கிற படிப்பாம். ஒன்றும் தெரியாதவர்களும் சேரலாம் என்று போட்டிருந்ததாம், சேர்ந்துவிட்டாள். இப்போது அந்தச் சான்றிதழோடு பெங்களூர் வந்து, உங்கள் வீட்டில் தங்கி வேலை தேடுவேன் என்கிறாள். 'உங்க மாமா அதுக்கு மதிப்பு இருக்குதுன்னு எழுதட்டும், போ. இல்லைன்னு எழுதினா நான் காட்டற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு' என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள். ஆகவே மச்சான், நீங்கள் மதிப்பில்லை என்று எழுதவேண்டும். காரணங்கள் வருமாறு.

சான்றிதழில் சீல் இல்லை. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை முகம்மது கவுஸிடம் கலரில் பிரிண்ட் போட்டு லேமினேஷனும் செய்தேன். அவரே, 'படிப்பு கெட்டிங்கண்ணே, காகிதம்தான் லேசா இருக்குது' என்றார். சரி, அட்டஸ்டேஷன் வாங்கிவிடலாம் என்று ஹெட்மாஸ்டர் சென்னப்பனிடம் கொண்டுபோனேன். 'ஒரிஜினல் எங்கீங்க?' என்றார். 'செல்லுக்குள்ள இருக்குதுங்க' என்றேன். போகட்டும் பாவம் என்று லேமினேஷன் மேலேயே பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மை காயவில்லை. நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடி வந்து சேர்ந்தபோது சான்றிதழில் ஒன்றுமில்லை, என் வெள்ளைச் சட்டைதான் சான்றொப்பம் பெற்றிருந்தது. மூன்று முறை துவைத்தாயிற்று, இன்னும் செல்லுபடியாகிறது.

அடுத்தது, வீட்டுக்குள் புகுந்த கேடு. ஒரு பொருளை உபயோகிக்கிறவர் தடுமாறினால் தப்பு அவர் மேல் இல்லை, பொருளைச் செய்த விதத்தில் இருக்கிறது என்பது இந்தப் படிப்பின் அஸ்திவாரமாம். இதை அவள் தன் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். நேற்று களி கட்டி தட்டிப்போயிருக்கிறதே என்று தன்மையாகத்தான் கேட்டேன். 'தப்பு எம்மேல இல்லீங்க, களி கிண்டற துடுப்பு மேல' என்கிறாள் உங்கள் அக்கா. இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவள் மச்சான், இப்படி ஒரு பதிலை நான் அவள் வாயிலிருந்து கேட்டதே கிடையாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அரூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் மாதவராஜ், சொந்தமாக உரக்கடை, ஒரே பிள்ளை, அம்மா ராணியம்மாள். வெற்றிலைத் தட்டிலேயே சான்றிதழையும் வைத்தேன். அந்தம்மா அதை எடுத்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதுக்கு என்ன சம்பளங்க வரும்?' என்றார். நான் பதிலை யோசிப்பதற்குள் சசிகலா காப்பியோடு வந்தாள். கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டியதுதானே முறை? பாயில் உட்கார்ந்து நோட்டை விரித்து, 'அத்தை, உங்களை ஒரு நாலு கேள்வி கேக்கலாங்களா?' என்றாள். அந்தம்மாவும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கேளு கண்ணு என்றார். 'உங்க வூட்டுல, ஒரு நாள்ல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் எதுங்க?'

அவ்வளவுதான் மச்சான். அந்தம்மா சிரிப்பை நிறுத்தினார். அப்புறம் ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. விடியக்காலம் நாலரைக்கு எழுந்திருப்பதில் தொடங்கி, புருஷன் பேசாமலே இருக்கிற பழக்கம், கீழே விழுந்து கை உடைந்தபோதும் ஒற்றைக் கையால் ஆட்டுக்கல் கழுவியது, எல்லாம். 'இவனுக்கு வயசு இருபத்தொம்போது கண்ணு. தின்ன தட்டை எடுத்து வெக்கத் தெரியாது.' மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த பெரியவர் மிக்சரைக் காலி செய்தார். சசிகலா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ராணியம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'இந்தக் கேள்வியை என்னைப் பெத்தவங்ககூடக் கேக்கல. நீ எங்க வூட்டுக்கு வர வேணாம் கண்ணு, நான் பட்டது போதும்' என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். பெண்ணைப் பிடித்துப்போனதால் வேண்டாம் என்று போன சம்பந்தத்தை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

எனக்கு வந்த ஆத்திரத்தில், 'இந்தச் சர்டிபிகேட்டால ஒருத்தன் வேலை குடுப்பானா, அதைச் சொல்லு முதல்ல' என்று கத்தினேன். 'குடுக்க மாட்டாங்கப்பா. இதை ஆயிரக்கணக்கான பேரு வெச்சிருக்காங்க. நான் என்ன செஞ்சு வெச்சிருக்கேன்னுதான் பாப்பாங்க' என்றாள். அப்புறம் எதற்கு ஆறு மாதம் படித்தாய் என்றேன். 'ஜனங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரியுது' என்கிறாள். ஆக மதிப்பில்லை என்று அவளே ஒப்புக்கொண்டாயிற்று. நீங்கள் புதிதாக எதுவும் பொய் சொல்லவேண்டியதில்லை, ஒரு வரி எழுதினால் போதும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தீர்த்தமலையான் உங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மாதையன்

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சசிகலா நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். 'எல்லாரையும் கேட்டேன், உங்களை மட்டும் கேக்கலப்பா. நான் பெங்களூரு போறதுல உங்களுக்கு எது கஷ்டம்?' என்றாள். காலம் கெட்டுக்கிடக்கிறது, அங்கே வாடகை, தண்ணீர் என்று ஆரம்பித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாம் பேசாமல் இருந்தால் எதிராளி தானாக உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பாடத்தில் இருக்கிறதாம். பாடம் சரிதான் மச்சான். 'நீ போயிட்டா இந்த வூட்டுல நான் யாருகிட்டப் பேசறது?' என்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அடுப்படியிலிருந்து உங்கள் அக்கா, 'ஏன், நான் செத்தா போயிட்டேன்?' என்றாள். சசிகலா அதையும் எழுதிக்கொண்டாள். எழுதும்போது அழுதாள்.

ஆகவே மேலே கேட்டதை எழுத வேண்டாம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும் வண்டியில் அவள் வருகிறாள், எலக்ட்ரானிக் சிட்டி ஸ்டாப்பில் வந்து நில்லுங்கள். நானும் கூட வருகிறேன் என்றேன், தனியாகத்தான் போவேன் என்றாள். பேசிப் பேசி, நான் ஓசூர் வரைக்கும் என்று முடிவாகியிருக்கிறது.