லாபம் என்பது எத்தனை படி?

ஜூலை 28, ஞாயிறு, காலை 5 மணி 10 நிமிடம். மேகமூட்டம், தூறல் மொத்தம் நான்கு நிமிடம். சென்னீர்குப்பத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். பதினோரு வருடம் குடியிருந்தும் இந்தத் தெரு எனக்கு ஒரு வேலையும் தந்ததில்லை. அன்றுதான் முதன்முதலாகத் தந்தது: ஆறு அண்டாவுக்கும் நொய் அளக்கையில் எண்ணிக்கை பார்ப்பது. (என்னை விட்டால் யார்? வாசலில் கிடந்த செருப்புகள் பதினேழு. ஆம், ஒற்றைப்படை.)

அளந்தவர் தேசம்மா, அங்கேயே பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பம். அண்டாவுக்கு மூன்று படி. "லாபம், ரெண்டு, மூணு" என்று கொட்டிவிட்டு நகர்ந்தார்.

"நில்லும்மா. ஒன்று எங்கே?"

"இன்னா சார், லாபம்னு போட்டனே, அதான் ஒண்ணு."

விட்டிருக்கலாம். விடுகிற ஜென்மமா நான்? லாபம் வடமொழிச் சொல்; அதன் பொருள் ஆதாயம். 'ஒன்று' என்று தொடங்கினால் விளைச்சல் ஒன்றோடு நின்றுவிடுமோ என்ற பயத்தில் நெல் அளந்தவர்கள் மங்கலமாகச் சொல்லிவைத்தது. ஆகவே அது வாழ்த்து. வாழ்த்தை எப்படி எண்ணிக்கையில் சேர்ப்பது? இப்படி ஒன்பது நிமிடம் பேசினேன்.

"வாழ்த்தா? படி நெறைய நொய்யி உள்ள உழுந்துச்சே, கண்ணு தெரியலியா?"

"எண்ணுவது நானா, நீயா?"

"நீ ரொம்ப படிச்சவன்தான் நைனா. நொய்யி படிக்கலியே!" என்றவர், மேலே வாதாடத் தெம்பில்லாமல், முதல் அண்டாவில் இன்னொரு படி போட்டார். மற்ற ஐந்துக்கும் என் உத்தரவுப்படியே, "லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு."

பத்து மணிக்குப் படையல் முடிந்தது. சொம்பும் தூக்குமாக வரிசையில் நூற்று நாற்பத்து மூன்று பேர். கரண்டியைக் கவிழ்த்தால் கூழ் இறங்கவில்லை. தட்டியும் இறங்கவில்லை.

"இன்னா மச்சான், கூழா சிமிட்டியா?"

"நம்ம கணக்குப்புள்ள சாரு தளம் போட்டுக்கீறாரு!"

வெந்நீர் விட்டுக் கரைக்கலாமென்றால் அண்டாக்களில் இடமில்லை. கரையான்சாவடிக்கு ஓடி, இரண்டு அண்டா வாடகைக்கு எடுத்து, புது அடுப்பு மூட்டிக் கரைத்து, கூழ் கூழாக ஓடியபோது மணி 12.25. வரிசையில் மிஞ்சியவர்கள் தொண்ணூற்றொருவர். வெறும் தூக்கோடு திரும்பிய ஐம்பத்திரண்டு பேரில் என் சம்பந்தியும் ஒருவர்.

இன்றும் மருமகள் என் தட்டில் முதல் இட்லியை வைத்து "லாபம்" என்கிறாள். அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஒண்ணா, ரெண்டா மாமா?" என்று வீடே சிரிக்கும்வரை காத்திருக்கிறாள். இட்லி ஆறிவிடுகிறது.

அண்டா வாடகை 500. விறகு 450. ஆட்டோ, போக வர 320. தேசம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது வாங்கிய வெற்றிலை பாக்கு 40. ஆக மொத்தம் 1,310 ரூபாய்.