மிளாவின் இடது பின்னங்காலும் ஓணானின் ஆராய்ச்சியும்

ஒரு காட்டில், ராஜா இருந்தாரோ இல்லையோ, ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அதில் இடது பின்னங்காலில் மூங்கில் முள் ஏறி, சீழ் வைத்து, ஒரு மிளா படுத்திருந்தது. வீக்கம் கொஞ்சம் வற்றியதும் கீறி முள்ளை எடுக்க வேண்டும். மான் சாதிக்குக் கால் போனால் என்ன மிச்சம்? சிறுத்தைக்குச் சாப்பாடுதான்! அந்தப் பயத்திலேயே மிளாவுக்கு இலை தழை இறங்கவில்லை.

அங்கே டூட்டி மாறும்போது நர்சுகள் டீ ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, வடையைக் கடித்தபடி நோயாளிகளின் விவரத்தைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். பெரிய டாக்டர் கரடியார் சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, நிஜமாகவே ஓர் ஓணானை ஆராய்ச்சிக்குக் கூட்டி வந்தார்.

"ஐயா, மற்ற காடுகளில் கட்டிலருகே நின்று, நோயாளி காதுபடத்தான் விவரம் சொல்கிறார்கள். தப்பு குறைகிறதாம். ஆதாரம் இருக்கிறது," என்று ஓணான் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னது.

"எனக்கு நம்ம காட்டு ஆதாரம் வேணும்," என்றார் கரடியார்.

ஆகவே விலங்கு வார்டில் கட்டிலருகே, பறவை வார்டில் பழையபடி டீ ரூமில் என்று ஏற்பாடாயிற்று.

முதல் நாள், வீட்டுக்குக் கிளம்பிய மந்தி சிஸ்டர், டூட்டிக்கு வந்த மரநாய் சிஸ்டரிடம் ஒப்பித்தது: "இவருக்கு வலது கால்ல ஆபரேஷன்."

"ஐயோ சிஸ்டர், இடது!" என்று அலறியது மிளா.

"அட ஆமாண்ணே! நல்லவேளை சொன்னீங்க."

ஓணான் ஒரு தப்பு என்று குறித்துக்கொண்டது. மறுநாள் பக்கத்துக் கட்டில் முள்ளம்பன்றியின் மாத்திரையை மிளாவின் பேரில் சொன்னார்கள். அதையும் மிளா திருத்தியது. அப்புறம் அதன் வாய் ஓயவே இல்லை. வார்டே தன்னால் பிழைக்கிறது என்ற பூரிப்பில் நாலு வாய்த் தழைகூட இறங்கியது.

வாரக் கடைசியில் ஓணான் முடிவை வாசித்தது. "கட்டிலருகே ஒரே தப்பு மயம். டீ ரூமில் ஒன்றுகூட இல்லை."

மிளா குறுக்கிட்டது. "அங்கேயும் நடந்திருக்கும் ஐயா, பிடிச்சுச் சொல்லத்தான் ஆளில்லை! பறவை வார்டுக் கொக்கைப் பாருங்க. வரும்போது ரெண்டு கால்ல வந்துச்சு!"

"கொக்கு ஒத்தைக்காலில்தானே நிற்கும்," என்றது ஓணான்.

கரடியாருக்கு அது மறுக்க முடியாத ஆதாரமாகப் பட்டது. விலங்கு வார்டுக்கும் டீ ரூம் திரும்பியது. கதவு சாத்தப்பட்டது. வடை தீர்ந்ததும் ஆபரேஷனும் நடந்தது.

மயக்கம் தெளிந்து மிளா பார்த்தால், வலது கால் முழுக்கக் கட்டு! இடது காலில் முள் இருந்த இடத்திலேயே இருந்து விண் விண்ணென்று தெறித்தது. "சிஸ்டர்..." என்று வாயெடுத்தது.

"உஷ்! வாயைத் திறந்துடாதீங்கண்ணே," என்று மந்தி சிஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டது. "தப்பே நடக்காத வார்டுன்னு இப்பத்தான் கேடயம் தர்றாங்க."

வாசலில் கரடியார் கேடயத்தோடு நின்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மிளாவால் எழ முடியவில்லை. படுத்தபடியே முன்னங்குளம்புகளைத் தட்டி வைத்தது.

நீதி: வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. அதற்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் கிடையாது.