நண்டைத் தொடாத சம்பந்தி

ஸ்பிரிங்வேல்,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய நித்தியானந்தன் அத்தானுக்கு,

வெரிபீயில் நீங்களும் அக்காவும் நோய்நொடியின்றி இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே என் மனுசி யோகா சுகம், மகள் தாட்சாயினி சுகம், கடையும் சுகம். நான்தான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு நீங்கள் பேசி வைத்த கலியாணத்தை நேற்று என் வயிறு குழப்பிவிட்டது. போனில் சொன்னால் யோகா கேட்டுவிடுவா, அதனால் எழுதுகிறேன்.

மணந்து பார்க்காமல் ஒரு கருவாட்டுப் பெட்டியும் இறக்காத வியாபாரி நான். ஆனால் கிளேட்டனில் இருக்கிற கொரிய வைத்தியர் அம்மா நாடியைப் பிடித்து, நாக்கைப் பார்த்து, எனக்குக் குளிர் வயிறு என்றதும் அப்படியே நம்பிவிட்டேன். யோகாவுக்குச் சொல்லவில்லை. வெளியில் சாப்பிட்டால் ஐஸ் தண்ணீர், பியர், நண்டு கூடாதாம். இஞ்சி போட்ட கோழி சூப் நல்லதாம், அதுவும் வயிறு நிறையிறதுக்கு முதல் எழும்பிவிட வேண்டுமாம். மீறினால் என்ன நடக்கும் என்று கேட்டேன். அவ என் நாக்கைத் திரும்பவும் பார்த்தா. அந்தப் பார்வைதான் அத்தான் என்னைக் கொல்லுது.

மாப்பிள்ளை வீட்டார் எங்களைக் கூட்டிப்போனது நண்டுக் கடைக்கு. மிளகாயில் பிரட்டிய நண்டு மலைபோல வந்தது. கோழி சூப் முடிந்துவிட்டதாம். நான் சுடுதண்ணியோடு இருந்தேன். சம்பந்தம் பிடிக்காதவன்தான் அந்த இடத்தில் கை நனைக்கமாட்டான் என்பது எங்கட சனத்துக்குத் தெரியாதா? மாப்பிள்ளையின் தாய் இராஜேஸ்வரி விடவில்லை.

"என்ன அண்ணை, நண்டு பிடிக்கேல்லையோ, எங்களைப் பிடிக்கேல்லையோ?"

"ஐயோ தங்கச்சி, வயிறு கொஞ்சம்..."

"ஓம் ஓம், எல்லாருக்கும் அந்த நேரத்திலதான் வயிறு சரியில்லாமப் போகும்."

வைத்தியரைப் பற்றிச் சொன்னால் வருத்தக்காரக் குடும்பம் என்று நினைப்பினமே என்று வாயை மூடிக்கொண்டேன். இதைவிடப் பெரிய பயம், மாப்பிள்ளையின் தகப்பன் அருந்தவனும் ஒன்றும் தொடவில்லை. வெள்ளரிக்காயை மட்டும் கடித்துக்கொண்டு என் கோப்பையையே பார்த்தார். அவையளுக்கு மனம் மாறிவிட்டது, முடிஞ்சுது. காரில் வரும்போது தாட்சாயினி, "டாட், வை டிட்ன்ட் யூ ஜஸ்ட் ஈட்?" என்று அழுதாள். நீங்கள்தான் அங்கே போய், எங்களுக்குச் சம்மதம் என்று எப்படியாவது விளங்கப்படுத்த வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வாயில் முருகன் இருந்து பேசட்டும்.

இப்படிக்கு,
பயந்துபோன மைத்துனன்
கௌரிசங்கர்

பி.கு.: அத்தான், போகவேண்டாம்! கடிதத்தை ஒட்டுறதுக்கு முதல் வைத்தியரிடம் ஒருக்கா போனேன். அங்கே கதிரையில் அருந்தவன்! "அண்ணை, நீங்களுமோ?" என்றார். அவருக்குச் சூட்டு உடம்பாம், மிளகாய் ஆகாதாம், மனுசிக்கு இன்னும் சொல்லவில்லையாம். நான் மனம் மாறிவிட்டேன் என்று அவரும் விடிய விடிய நித்திரை கொள்ளவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டோம், கலியாணம் உறுதி. ஆனால் எனக்கு மருந்தான இஞ்சியும் கோழியும் அவருக்கு நஞ்சாம். அவருடைய வெள்ளரிக்காய் எனக்கு ஆகாது. ஒரே பந்தியில் இருக்கப்போகிற எங்கள் இரண்டு பேருக்கும் கலியாணத்தன்று என்ன சமைக்கிறது? இந்தப் பயத்துக்கு முன்னால் நேற்று இருந்தது பயமே இல்லை அத்தான்.