புகைக்கு ஒரு பூசை

எனக்கு ஒருவர் முகத்தைப் பார்த்து "கூடாது" என்று சொல்ல வராது. எழுதி ஒட்டத்தான் வரும். அந்தக் குறையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்பதை இப்போதாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

திருச்செங்கோட்டில் பொறியியல் படித்தபோது நாங்கள் நாலு பேர் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா, பழனியம்மாக்கா. அவர் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போனால் திரும்பி வர மாசக்கணக்காகும். அப்படித் தனியாக இருக்கிறவர் காலேஜ் பையன்களுக்கு வீடு விட்டதே பெரிய விஷயம். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"ஊட்டுக்குள்ள சிகரெட்டுப் பொகை மட்டும் ஆவாதுங்க சாமி."

நாலு பேரில் குமரேசன் வெண்ணந்தூர்க்காரன். சின்ன வயதிலிருந்தே இளைப்பு. புகை பட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். அவனைக் கொண்டுவந்து விட்ட அன்று அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனப் பாத்துக்கங்க" என்றார். (என் முகராசி அப்படி. பார்த்தவுடன் பொறுப்பானவன் என்று தோன்றும். பழகினால்தான் விஷயம் தெரியும்.)

வாரக் கடைசியில் எங்கள் வீட்டில் எப்போதும் ஏதாவது ட்ரீட் இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஊதுகிறவர்கள். நான் ஊதமாட்டேன். ஊதுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுகிற ரகம். குமரேசன் கேட்டுக்கொண்டதால் ஒரு சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதி ஹாலில் ஒட்டினேன்: 'உள்ளே புகைக்கக் கூடாது. மொட்டை மாடிக்குச் செல்லவும். இப்படிக்கு, நிர்வாகம்.' நிர்வாகம் என்றால் நான்தான். ரெண்டு மாசம் எல்லாரும் ஒழுங்காக மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஊதிவிட்டு வந்தார்கள். நிர்வாகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தினேஷ் அண்ணனுக்கு வேலை கிடைத்ததற்கு ட்ரீட். எங்களுக்கு ஒரு வருஷம் சீனியர். அவர் நம் தோளில் கை போட்டுப் பேசினால் ஒரு வாரம் அந்தச் சட்டையைத் துவைக்க மனசு வராது. அவரும் கூட நாலு பேரும் வந்தார்கள். பிரியாணி பிரித்தோம். அந்த நேரம் பார்த்து வெளியே மழை பிடித்துக்கொண்டது. தினேஷ் அண்ணன் சிகரெட்டை எடுத்தார், ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார், அப்புறம் என் சார்ட்டைச் சத்தம் போட்டுப் படித்தார்.

"யாருப்பா இந்த நிர்வாகம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "அது சும்மா தமாசுக்குங்கண்ணா" என்று சொல்லி, அந்தச் சார்ட்டைச் சுவரிலிருந்து உரித்து, நாலாக மடித்து ஓரத்தைத் தூக்கிவிட்டு, சாம்பல் தட்டுவதற்கு நானே அவர் முன்னால் வைத்தேன்.

குமரேசன் என்னைப் பார்த்தான்.

"ஒரு அரை மணி நேரம்டா. ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்க" என்றேன். பிரியாணித் தட்டோடு உள்ளே போனான். புகை போகாமலிருக்க நான் ஒரு ஈரத்துண்டைக் கதவிடுக்கில் வெளியிலிருந்து நன்றாக அழுத்திச் செருகினேன். ஏதோ விஞ்ஞானிபோல ஒரு பெருமிதம் வேறு. கீழே வாசனை போகாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தினேன். அஞ்சு பேர் விட்ட புகையில் ஹால் மங்கியது. அதை மறைக்க ரெண்டு சாம்பிராணிக் கப்பைப் பற்றவைத்தேன். இப்போது எதிரில் இருப்பவன் முகமே தெரியவில்லை.

கீழே படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "என்னுங்க சாமி, மேல ஒரே பொகையா வருது?"

வாயில் முதலில் வந்தது இதுதான்: "பூசைங்கக்கா!"

"அடடே. இருங்க, நானும் வாரேன்."

அஞ்சு நிமிஷத்தில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, தேங்காய், கற்பூரம், ஒரு பித்தளை மணியோடு வந்துவிட்டார். அதற்குள் சிகரெட்டெல்லாம் தயிர்ப் பச்சடிக்குள் போய்விட்டிருந்தது. வேலை கிடைத்த தினேஷ் அண்ணன் கைகட்டி நின்றார்.

"சாமி படம் எங்கீங்க?"

வீட்டில் சாமி படமே கிடையாது. தினேஷ் அண்ணன்தான் சமாளித்தார். "மலைக் கோயிலப் பாத்துக் கும்புடறமுங்க."

"ஜன்னலச் சாத்திப்போட்டா?"

ஒருத்தன் ஓடிப்போய் ஒரு ஜன்னலைத் திறந்தான். மழையில் மலை தெரியவில்லை. அக்கா அதைப் பெரிசுபடுத்தாமல் கற்பூரத்தை ஏற்றி, மணியை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் ரூம் கதவு தட்டப்பட்டது. மழை ஈரத்தில் உப்பிப்போகிற கதவு அது. கீழே நான் செருகிய துண்டு வேறு. குமரேசனால் இழுத்துத் திறக்க முடியவில்லை. மூச்சுத் திணறினால் அவன் வாயில் அடித்துக்கொள்ளும் பஃப், ஹாலில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கிடந்தது. அது என் கண்ணில் பட்டது.

மறுபடியும் தட்டினான். அவன் இருமிக்கொண்டு வெளியே வந்தால் பூசையின் லட்சணம் தெரிந்துவிடும். நான் மணியை வேகமாக அடித்தேன். அவன் பலமாகத் தட்டினான். நான் இன்னும் பலமாக அடித்தேன். அக்கா கண்ணைத் திறக்காமலே, "பக்தியான பையன்" என்றார்.

தட்டுவது நின்றுவிட்டது. அக்காவின் இடுப்பிலிருந்த போன் அடித்தது.

"ஆரு, குமரேசனா? எங்கிருந்து கண்ணு? ஏன் இப்படி இளைக்குது?"

அடுத்த நொடி என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் துண்டை உருவி, தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். குமரேசன் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஹாலிலிருந்த பஃபை எடுத்துவந்து அடித்தும் இளைப்பு அடங்கவில்லை. அக்காவே ஆட்டோ பிடித்தார். மழையில் நானும் முன்சீட்டில் தொற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தினேஷ் அண்ணன் வரவில்லை.

ஒரு மணி நேரம் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு சீரானது. வராந்தாவில் அக்கா என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பூசைன்னு பொய் சொன்னீங்க, போவுது. அந்தப் பையன் கதவத் தட்டுனது உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

என்னை அதுவரை சாமி என்று கூப்பிடாமல் அவர் பேசியதில்லை.

"கேக்கலீங்க" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். கேட்டிருந்தது என்று அவருக்குத் தெரியும். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று ஒரு மாசம் காத்திருந்தேன். சொல்லவில்லை. படிப்பு முடிகிறவரை என்னோடு பேசவும் இல்லை.

குமரேசன் வேறு மாதிரி. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "என்னா அடிடா அடிச்ச மணிய" என்று சிரிக்கப் பார்த்து, இருமினான். அவன் அப்பாவிடம், மழைக்கு இளைப்பு வந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தான்.

வருஷங்கள் ஆகிவிட்டன. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அவர்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் இந்தக் கதை உண்டு. போன மாசம் வெண்ணந்தூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். தீபாராதனைக்கு யாரோ மணியை என்னிடம் நீட்ட, அந்தக் குட்டி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டது. "மாமாகிட்டக் குடுக்காதீங்க, அப்பாவுக்கு மூச்சு வாங்கும்!" வீடே சிரித்தது. குமரேசன் வழக்கம்போல முழுக் கதையையும் நடித்துக் காட்டினான். அவன் கதையில் நான் ஒரு வெகுளி. பக்தி முற்றிப்போய், தட்டுகிற சத்தமே காதில் விழாமல் மணியடிக்கிறேன். "பாவம், இவனுக்குக் கேக்கவே இல்ல!" என்று அவன் முடிக்கும்போது எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கேட்டுச்சுடா, குமரேசா. முதல் தட்டே கேட்டுச்சு.