பசுவுக்குள் ஓர் இடது கை

இருபதாயிரம் டாலர் விலை பேசப்பட்டிருந்த அந்த இடது கை, பக்கத்துப் பண்ணைப் பசு ஒன்றுக்குள் கன்றைத் தேடித் தோள்வரை போயிருந்தது.

வேலியோரம் நின்ற ஆர்வில் டீட்ஸுக்கு வேர்த்துவிட்டது. பேஸ்பால் அணிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில்.

"வெர்லின், அது எந்தக் கை?"

"பந்து எறியற கைதான்," என்றார் அந்தக் கைக்குரிய பையனின் அப்பா வெர்லின், பல்குத்தியை வாயின் மறுபக்கம் தள்ளியபடி.

"மாடு கொஞ்சம் திரும்பினா எலும்பு போயிடும்யா."

"மாட்டுக்கு அது தெரியாதே."

அயோவாவில் பழைய டிராக்டருக்குச் சாயம் பூசி விற்பவர் வெர்லின். வாங்குபவர் கேட்ட விலைக்கு எதையும் கொடுத்ததில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடப்பார். பின்னாலேயே விலை ஏறி ஓடிவரும். மகன் டுவேனுக்குச் சொத்தாக அவர் கொடுத்தது இந்த வித்தை ஒன்றைத்தான்.

1969 ஜூனில் அணிகள் பள்ளிப் பையன்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது, டீட்ஸின் அணியின் பங்கில் டுவேன் விழுந்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க டீட்ஸ் எட்டாயிரம் டாலரோடு வந்தார். புது டிராக்டர் விற்கும் உரிமை வாங்க வெர்லினுக்கு நாற்பதாயிரம் வேண்டும்.

"பையன் மாட்டு வைத்தியம் படிக்கப் போறானே," என்று வாயில் வந்ததை அடித்துவிட்டார்.

டீட்ஸின் முகம் சுண்டியது. பையன் கல்லூரியில் ஒரே ஒரு வகுப்பில் உட்கார்ந்தாலும் அவனை எடுக்க அணிக்கு இருக்கும் உரிமை போய்விடும். அதுதான் விதி.

"படிக்கிற மூஞ்சியா இது? புத்தகத்தைக் காட்டுங்க பார்ப்போம்."

தடித்தடியாய்ப் புத்தகம் வந்தது.

"பக்கமே பிரிக்கலையே," என்றார் டீட்ஸ்.

டுவேனை வாசலில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார் வெர்லின். விலை பன்னிரண்டானது. கல்லூரிக்குக் கொண்டுபோகத் தோல் பெட்டி கடனில் வந்தது. விலை இருபதானது. அதற்குப் பிறகுதான் பசு.

வெர்லினின் மனைவி லொரெய்னுக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ இடித்தது.

"அவன் நடிக்கிற மாதிரி தெரியல, வெர்லின். சோறு திங்க விடாம மாட்டு வயித்தைப் பத்தியே பேசறான்."

"என் பிள்ளை. என்னைவிட நல்லா ஏமாத்தறான்."

பசு கன்று போட்ட அன்று விலை முப்பதுக்கு ஏறியது. வெர்லின் தொப்பியை மாட்டினார். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள், டீட்ஸின் கண்ணெதிரிலேயே மகனைப் பெட்டியோடு பஸ் ஏற்றினார். ஏற்றும்போது காதில் சொன்னார்: "நாளைக்குக் காலை எட்டு மணிக்குத்தான் வகுப்பு. நான் போன் பண்றவரைக்கும் விடுதியை விட்டு அசையாதே."

மறுநாள் காலை ஏழு மணிக்கு டீட்ஸ் சவரம்கூடச் செய்யாமல் வந்து நின்றார்.

"நாற்பது. இதுக்கு மேல கேட்டா என் வேலை போயிடும்."

வெர்லின் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். லொரெய்ன் காப்பி ஊற்றினாள். பேனாவைத் திறந்து வெர்லின் ஒப்பந்தத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"பையனும் போடணும்," என்றார் டீட்ஸ். "இப்பவே கூப்பிடுங்க, நானே போய் வாங்கிக்கறேன்."

வெர்லின் விடுதிக்குப் போன் போட்டார். காவல்காரக் கிழவர் எடுத்தார்.

"டுவேனா? மாட்டுப் படிப்புக்காரங்களுக்குப் பால் கறக்கிற நேரத்துலேயே வகுப்பு ஆரம்பிச்சிடுமே. அஞ்சு மணிக்கே முதல் ஆளாப் போய் உக்காந்துட்டான். எத்தனை ஆயிரம் சொன்னாலும் தொப்பியை மாட்டிக்கிட்டு நடந்துடணும்னு அப்பாதான் கத்துக்கொடுத்தாராம், சொல்லச் சொன்னான். அப்புறம், தோல் பெட்டி வாங்கின கடைக்கு ஆறு டாலர் பாக்கி நிக்குதாம், அதை மட்டும் நீங்க கட்டிடணுமாம்."