பதினொரு பேச்சில் ஏறிய கண்டக்டர்

ராஜபாளையம்
22-2-1988, திங்கள்

மதிப்பிற்குரிய அக்கா சீனியம்மாள் அவர்களுக்கு,

தம்பி ஞானதுரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் சுகம். தாங்களும் அத்தானும் சின்னவளும் வடக்கே அம்பாலாக் குளிரைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். சின்னவளுக்குக் காதை மூடித் தொப்பி போடவும்.

இதுவரை அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். இனி 'நீ' போதும்.

வேலை கிடைத்ததா என்று கேட்டிருந்தாய். பதில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. புரட்டாதே.

ஆவுடையப்பன் அண்ணாச்சியைத் தெரியும் உனக்கு. பேண்டேஜ் துணி ஆலைக்காரர். நம்மூர் நல்லெண்ண மன்றத்தின் தலைவர். அவர்கள் குடும்பப் பள்ளிக்கூடத்தின் தாளாளரும் அவர்தான். எம்.ஏ., பி.எட். முடித்து இரண்டு வருடமாக நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் என்னை ஜனவரியில் கூப்பிட்டார்.

"ஏலே, நம்ம கிளப்பும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளப்பும் சேந்து பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைக்கப் போறோம். நேர்மையப் பத்தி. நீ ஒரு குறையில்லாம நடத்திக் குடு. ஜூன்ல தமிழ் வாத்தியார் எடம் காலியாவுது."

நேர்மையைப் பற்றி. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

எங்கே நடத்துவது என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம். இங்கே நடத்தினால் அவர்கள் வரமாட்டார்கள். அங்கே நடத்தினால் இவர்கள். நடுவில் நடத்தலாமென்றால் நடுவில் மண்டபம் இல்லை, வயல்தான். கடைசியில் மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூர், தலைமை ராஜபாளையம் என்று முடிவானது. தலைப்பை நான் கொடுத்தேன். 'யாரும் பார்க்காதபோது.' விதிகளையும் நான்தான் எழுதினேன். மூன்றாவது விதி: பேச்சு மாணவரின் சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும். அடியில் கோடு போட்டு அச்சடித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளப்பின் செயலாளர் சந்தனம் அச்சாபீஸ் வைத்திருக்கிறார். கோடு போட்டது அவர்.

முதலில் வந்ததும் அவர்.

"தம்பி, எம்மகளும் பேசுதா. நீங்க நாலு வரி எழுதிக் குடுத்தா மனப்பாடம் பண்ணிருவா. யாருக்கும் தெரிய வேண்டாம்."

எழுதிக் கொடுப்பது நம் பக்கத்தில் குற்றமில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்தேன். மறுநாள் வங்கி மேலாளர் வந்தார். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாள் சேத்தூரிலிருந்து ஒரு அப்பா பையனைப் பின்னால் வைத்து மோட்டார் சைக்கிளில் வந்தார், பையன் இறங்குவதற்குள் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார், பிறகு நம் பால்காரர் தன் மகனுக்கென்று வந்தார், அன்று பால் கொஞ்சம் கெட்டியாக இருந்தது, கான்சாபுரத்திலிருந்து ஒரு தலைமையாசிரியரே வந்தார், ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் வந்ததாக நினைத்தார்கள், நானும் ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்தேன். மொத்தம் பன்னிரண்டு போட்டியாளர்கள். பதினொரு பேச்சை நான் எழுதினேன். அண்ணாச்சியின் தலைமையுரையையும் நானே எழுதினேன். தலைவர்கள் தங்கள் உரையைத் தாங்களே எழுதி நான் பார்த்ததில்லை. எனவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது. நேர்மையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கதைதான் வந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம் கிடக்கிறது. யாரும் பார்க்கவில்லை. பிள்ளை அதை எடுத்துக் கண்டக்டரிடம் கொடுக்கிறது. கண்டக்டர் கண்கலங்கி, "உன்னை மாதிரி நாலு பிள்ளைகள் இருந்தால் போதும்" என்கிறார். அடுத்த பேச்சில் கடிகாரத்தைக் குடையாக மாற்றினேன். பிறகு மூக்குக்கண்ணாடி. டிபன் கேரியர். முகூர்த்தப் புடவை. பதினோராவதற்குப் பொருள் அகப்படாமல் ஒரு சேவல். பொருளை மாற்றினேன். பெஞ்சை மாற்றத் தோன்றவில்லை. கண்டக்டரையும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் மறுபடியும் குரல். தேவதானத்திலிருந்து ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு, பெயர் அழகுத்தாய். கூட அவள் அம்மா. பன்னிரண்டாவது போட்டியாளர். என்னிடம் ஒரு வரியும் மிச்சமில்லை. சேவலுக்குப் பிறகு என்ன இருக்கிறது? இல்லையென்று சொல்லச் சொல்லி அம்மாவிடம் கையைக் காட்டிவிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அவன் மதுரைக்குல்லா போயிருக்கான்," என்றாள் அம்மா.

செத்த நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

நேற்று ஞாயிறு. போட்டி.

மண்டபத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது, நேரம் காட்டும் மணியைச் சந்தனம் அச்சாபீஸிலேயே வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் மைத்துனரிடம். மைத்துனர் சங்கரன்கோவிலில். நடுவர் பரிபூரணம் டீச்சர், ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறாதவர், "மணி இல்லாம நான் மார்க் போட மாட்டேன்," என்று பேனாவை மூடி வைத்தார்.

என் சைக்கிள் சாவியோடு ஒரு விசில் தொங்கும். எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. உனக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பு. நீ ஒன்பது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கண்டக்டரின் விசில் என் காலடியில் விழுந்தது. எடுத்து டவுசர் பைக்குள் போட்டேன். "தம்பி, விசிலப் பாத்தியா?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். ராஜபாளையம் வரை அந்த மனுஷன் உள்ளங்கையால் தகரத்தை அடித்து அடித்து "போலாம், போலாம்" என்று கத்திக்கொண்டே வந்தார். இறங்கும்போது கை சிவந்திருந்தது. குரல் போய்விட்டது. என் பை புடைத்திருந்ததை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை.

அந்த விசிலைத்தான் எடுத்தேன். வேறு வழியில்லை. நாலு நிமிடத்தில் எச்சரிக்கைக்கு ஒரு விசில், ஐந்து நிமிடத்தில் முடிப்பதற்கு இரண்டு விசில் என்று அறிவித்தேன்.

அக்கா, நம் பிள்ளைகள் எல்லோரும் பஸ்ஸில் போய்ப் படிக்கிற பிள்ளைகள்.

முதல் பிள்ளை கடிகாரத்தைக் கையில் எடுக்கும் இடத்தில் ஒரு விசில் கொடுத்தேன். அப்படியே நின்றுவிட்டாள். பேச்சு மட்டுமில்லை, கை, கண் எல்லாம். ஒரு நிமிடம் மண்டபமே காத்திருந்தது. ஐந்தாவது நிமிடம், முடிந்தது என்று இரண்டு விசில் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து கிளம்பினாள். மறுபடி ஒரு விசில். நின்றாள். சபையில் யாரோ, "எறங்குறவுக எறங்குங்க," என்றார். அடுத்த பிள்ளையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"ஞானதுரை, மணி அடிக்கச் சொன்னா பஸ் ஓட்டுதியே!" என்றார் டீச்சர்.

மூன்றாவது பிள்ளை டிபன் கேரியரைக் கண்டெடுத்தபோது சபையில் ஒரு சலசலப்பு. ஐந்தாவது பிள்ளை பெஞ்சுக்கு அடியில் குனிந்தபோது முன்வரிசை சேர்ந்து சொன்னது: "கண்டக்டர் வருதாரு!" வந்தார். கண்கலங்கினார். பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்த இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்த ஏட்டிடம், "ஒரே பெஞ்சுல எம்புட்டுச் சாமான் தொலைஞ்சிருக்கு! ஸ்டேஷனுக்கு ஒரு புகாரும் வரலையே. யாருய்யா அங்க டூட்டி?" என்றார். ஏட்டு விறைப்பாக எழுந்து நின்றார். சேவல் வந்தபோது இன்ஸ்பெக்டரே கைதட்டினார்.

எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஜூன் மாதம் தூரத்தில் ஒரு பஸ்ஸைப் போலப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாக அழகுத்தாய். கையில் தாள் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச்சு எழுதித் தர ஆள் இல்ல. நேத்து நானும் அம்மாவும் ராஜபாளையத்துல ஒரு அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவிய மதுரைக்குப் போயிருக்காகன்னு சொன்னாக. ஆனா செருப்பு வாசல்ல கிடந்துச்சு. மதுரைக்கு வெறுங்காலோட போயிருக்காக போலன்னு அம்மா சொன்னா."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவள் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"எனக்கு மொதல்ல கோவம் வந்துச்சு. பொறவு பஸ்ல யோசிச்சேன். அந்த அண்ணன் யாரும் பாக்கலைன்னு நெனச்சாக. நான் பாத்துக்கிட்டு வாசல்லதான் நின்னேன். நானும் எத்தனையோ தடவ வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு இல்லைன்னு சொல்லிருக்கேன். அப்பம் எல்லாம் வாசல்ல ஒரு ஆள் நின்னுருக்கும்லா? செருப்பப் பாத்துருக்கும்லா? யாரும் பாக்காதபோதுன்னு ஒண்ணு கெடையாது. அம்புட்டுத்தான்."

இரண்டு நிமிடம். விசிலுக்கு வேலையில்லை.

சேத்தூரில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு அண்ணாச்சி அப்போதுதான் வந்து சேர்ந்தார். அவருக்காகத் தலைமையுரையைக் கடைசிக்குத் தள்ளியிருந்தோம். முன்பு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மாலையோடு மைக் முன்னால் நின்று, நான் கொடுத்த தாளைப் பிரித்து, கணீரென்று படித்தார்.

"நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள், பேருந்து நிலையத்தில், ஒரு பெஞ்சுக்கு அடியில்..."

மண்டபம் வெடித்தது. அவர் நிறுத்தினார். தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டார். மாலையைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். பதினொரு வீட்டுக்காரர்களில் ஒருவரும் வாயைத் திறக்கப் போவதில்லை. கையில் விசில். அதே விசில். தகரத்தை அடிக்கும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

மேடைக்கு ஏறினேன். மைக்கில் சொன்னேன். "எல்லாப் பேச்சும் நான் எழுதியது. தலைவருடையதும். செருப்பும் என்னுடையதுதான். அழகுத்தாய் பேசியது மட்டும் அவளுடையது."

மூன்றாவது விதியை எழுதியவன் அதைச் சொல்லி முடித்தபோது, வங்கி மேலாளர் குனிந்து எதையோ தேடினார். பெஞ்சுக்கு அடியில்.

முதலில் சிரித்தவர் அண்ணாச்சி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தாளை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். "மிச்சக் கதைய நீங்களே சொல்லிருவிய. நான் உக்காருதேன்," என்று சபைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மன்றத்தின் வரலாற்றிலேயே சின்னத் தலைமையுரை. பெரிய கைதட்டல். கோப்பை அழகுத்தாய்க்கு. அவள் அம்மா என்னிடம் வந்து, "மதுரையில வெயிலா தம்பி?" என்று விசாரித்தாள்.

படி இறங்கும்போது அண்ணாச்சி தோளில் கைபோட்டார். இனி புரட்டியிருந்தாலும் பரவாயில்லை.

"ஜூன்ல வந்து சேருலே. ஆனா கட்டுரை வகுப்பு மட்டும் ஒனக்குக் கெடையாது."

அக்கா, கிடைத்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் மீசை சரியாக முளைக்காத ஆள். விசிலைச் சாவியிலிருந்து கழற்றி நீட்டினேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் உங்கள் ஆள் ஒருவர் தவறவிட்டது என்றேன். அவர் கண்கலங்கவில்லை. வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எச்சி விசில எவன் சார் வாங்குவான்? உள்ள தள்ளி நில்லுங்க," என்றார். தள்ளி நின்றேன். மனசு அப்படி லேசாக இருந்தது. நின்றபடியே தூங்கி, நம் ஸ்டாப்பைத் தாண்டி இறங்கி, நடந்து வந்தேன்.

ஒன்று தீர்மானித்துவிட்டேன். இனி யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை. யாரிடமும் எழுதி வாங்குவதுமில்லை. நல்லதோ கெட்டதோ, என் வாக்கியம் என்னுடையது. நீ அன்று ஜன்னல் பக்கம் திரும்பியதற்கு நன்றி. திரும்பாமல் இருந்திருந்தாலும் நன்றி சொல்லியிருப்பேன், கொஞ்சம் சீக்கிரமாக.

அம்மா வந்துவிட்டாள். தங்கள் குடும்பம் நோய்நொடியின்றி, பதவி உயர்ந்து, சின்னவள் நன்றாகச் சாப்பிட்டு, சித்திரைக்காவது ஊருக்கு வந்து சேர வேண்டும் என்று அம்மா ஆசீர்வதிக்கிறாள். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி
ஞானதுரை

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து கடிதம் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. இன்று காலை பள்ளிக்கூடத்து ஆள் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை உறுதிதானாம். ஒரு சடங்கு மட்டும் பாக்கி. நிர்வாகக் குழுவின் பார்வைக்கு, 'என் வாழ்வில் நேர்மை' என்று ஒரு பக்கம், விண்ணப்பதாரரின் சொந்த நடையில், மார்ச் பத்துக்குள். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கண்டக்டர் ஏறிவிட்டார். எட்டாம் வகுப்பு வரை என் கட்டுரையெல்லாம் நீதானே எழுதினாய். ஒரு பக்கம் போதும், திரும்பும் தபாலில் அனுப்பு. பஸ் வேண்டாம், பெஞ்சு வேண்டாம்.

யாருக்கும் தெரிய வேண்டாம்.