ஹமானாவுக்கு ஒரு பொன்னாடை

சோபாவில் சாய்ந்து கிடந்தபடியே குத்துச்சண்டை போடும் மாவீரர்களைக் கண்டிருக்கிறீர்களா? காணாவிட்டால் ஒரு சனிக்கிழமை ரொறொன்ரோவில் எங்கள் மல்வேர்ன் பக்கம் வாருங்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் ஒருவர் இருப்பார். வாழ்நாளில் நுளம்பைத் தவிர வேறொன்றையும் இவர்கள் அடித்ததில்லை. அதிலும் பாதி தப்பிவிடும். ஆனால் தொலைக்காட்சியில் இரண்டு பேர் கையுறை போட்டு நின்றால் போதும். சாரத்தை மடித்துக் கட்டி, மிக்சர் தட்டை வயிற்றின் மேல் வைத்து, வாய் நிறையக் கடலையோடு உலகத்துக்கே அடிக்கப் படிப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த வகையில் முதல் தரமான சரக்கு எங்கள் அருள்நாயகம் அண்ணை.

அண்ணை தத்தெடுத்த வீரன் தெற்சுவோ ஹமானா என்ற ஜப்பான்காரன். ஒசாகாவில் மீன் பெட்டி தூக்கித் திரிந்தவன், கையுறை போட்டு, வாங்கி, கொடுத்து, திரும்ப வாங்கி, ஆசியப் பட்டம் வரைக்கும் வந்தவன். உலகத்தில் இத்தனை பேர் இருக்க ஏன் ஹமானா?

"எங்களைப்போலக் கட்டை ஆள். சோறு தின்னுறவன். பாண் தின்னுறவங்களுக்கு உந்த வேகம் வருமோ, சொல்லு பாப்பம்?" என்பார் அண்ணை. ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில்தான் அவருக்கு வேலை.

ஹமானாவின் சண்டை ஒவ்வொன்றுக்கும் வீடியோக் கொப்பி தேடி எடுப்பது கூட்டாளி அன்புராசாவின் பொறுப்பு. ஆசியப் பட்டம் கிடைத்த கொப்பியைப் பார்த்துவிட்டு அண்ணை தான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுக்க ரோல்ஸ் கொடுத்தார். "நாங்கள் வெண்டிட்டம்!" உலகப் பட்டத்துக்கு மோதி, கை முறிந்து, ஹமானா தோற்றபோது? "உவன் தோத்திட்டான். இடக்கையைத் தூக்கு, தூக்கு எண்டு கத்தினன். கேட்டவனே?"

மனைவி யோகமலர் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, அது போன மாசத்துச் சண்டை. நீங்கள் கத்தேக்கை அந்தாளுக்குக் கை பொருந்தி வீட்டையும் போயிருக்கும்."

வென்றால் நாங்கள். தோற்றால் உவன். இந்த வகையை அடையாளம் காண வேறு மச்சம் தேவையில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பனிக்காலத்தில் ஹமானா ரொறொன்ரோவுக்கே வந்துவிட்டான். வயது முப்பத்துநாலு, குத்துச்சண்டைக்காரனுக்கு அது கிழவன் வயது. இந்தச் சண்டையில் வென்றால் உலகப் பட்டத்துக்கு இன்னொரு தரம் மோத விடுவார்கள். தோற்றால் கையுறையைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். அவனுடைய மேலாளர் பத்திரிகையில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

அண்ணை முன்வரிசையில் இரண்டு இடம் பிடித்தார். பிறகு அஜின்கோர்ட் புடைவைக் கடைக்குப் போய், மயில் கழுத்து நிறத்தில், கண் கூசும் சரிகைக் கரை வைத்த பொன்னாடை ஒன்று வாங்கினார். நம் ஆட்களைத் தெரியும்தானே? பாடினால் பொன்னாடை, ஆடினால் பொன்னாடை, ஆடியவரைப் பாராட்டிப் பேசினால் அவருக்கும் ஒன்று. ரொறொன்ரோவில் இதுவரை பொன்னாடை போர்க்கப்படாமல் தப்பியவை அணில்கள் மட்டும்தான். அவை ஓடிவிடும்.

"அண்ணை, சண்டை முடிய முன்னமே பொன்னாடையோ?" என்று அன்புராசா கேட்டான்.

"முடிஞ்சாப்பிறகு வெள்ளைக்காரர் எல்லாம் மேலை ஏறியிடுவாங்கள், விசரா. படத்திலை முதல் ஆளா நாங்கள் நிக்கவேணும். நீ கமெராவை ரெடியா வைச்சிரு."

சண்டை தொடங்கியது. எதிராளி மொன்றியல் பக்கத்து இளந்தாரி, அலுமாரிக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தான். நாலு சுற்று வரைக்கும் ஹமானா வாங்கினான். ஐந்தாவதில் குனிந்து, நுழைந்து, வலக்கையால் தாடையில் ஒன்று விட்டான். அலுமாரி மல்லாந்தது. ஹமானா ஒழுங்காக மூலையில் போய் நின்றான். நடுவர் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று...

பத்து வரை பொறுக்க அண்ணைக்கு என்ன பைத்தியமா? பஸ் படி ஏறவே மூச்சு வாங்கும் மனிதர், ஐந்து சொல்லும்போது கயிற்றுக்கு உள்ளே நின்றார். எப்படி ஏறினார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

ஹமானா என்ன செய்வான், பாவம்? முன்னால் ஒருவர் இரண்டு கையாலும் மரியாதையாக எதையோ நீட்டினால் ஜப்பான்காரனுக்குக் கழுத்து தானாகக் குனிந்துவிடும். குனிந்தான். பொன்னாடை தலையை மூடி இரண்டு கையுறையிலும் சுற்றிக்கொண்டது. அன்புராசாவின் கமெரா பளிச்சென்று மின்னியது. நடுவர் எண்ணுவதை விட்டுவிட்டு ஓடிவந்து அண்ணையின் ஜக்கெற்றைப் பிடித்தார். அண்ணையை இறக்கி, சரிகையை அவிழ்த்து முடிப்பதற்குள் கீழே கிடந்தவனுக்குத் தன் பெயர், தாயின் பெயர், தான் வந்த வேலை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து, எழும்பி நின்றான்.

ஹமானா இன்னும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தான். எழும்பியவன் விட்டது இரண்டே குத்து.

இந்த முறை குழப்ப ஒருவரும் ஏறவில்லை. பத்து வரைக்கும் சுத்தமாக எண்ணினார்கள்.

வெளியே நடைபாதையில் வீங்கிய முகத்தோடு ஹமானா வந்தான். பொன்னாடையை அழகாக மடித்து வைத்திருந்தான். அண்ணையைக் கண்டதும் நின்று, இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்து, தலை குனிந்துவிட்டுப் போனான்.

"அண்ணை, ஓடிப்போய் இப்ப ஒரு படம் எடுப்பமோ?"

"உனக்கென்ன விசரே? தோத்தவனோடை நிண்டு என்ன படம்?"

வீட்டில் யோகமலர் கதவைத் திறந்தார். "என்னப்பா, வெண்டாச்சோ?"

"உவன் தோத்திட்டான்," என்றார் அண்ணை, சப்பாத்தைக் கழற்றியபடி. "இடக்கை தூக்கேல்லை."

ஹமானா ஊருக்குப் போய்விட்டான். பொன்னாடை வீணாகவில்லை, தை மாதம் வெக்ஸ்போர்ட்டில் பரதநாட்டியப் போட்டியில் வென்ற பிள்ளைக்குப் போர்த்தப்பட்டது. "நாங்கள் வெண்டிட்டம்," என்று அண்ணை ஒலிவாங்கியில் அழுதார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் ஒருக்கால் உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். மடித்த பொன்னாடை ஒன்று கிடந்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பத்து எண்ணி முடியும் வரைக்கும் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.